வெற்றிடத்திலிருந்து வந்த பெட்டி

என் கொழுந்தன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவைத்தபோது நான் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பத்து மாதம். தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு நாலடி தவழ்ந்து போவாள், நான் கரண்டியோடு பின்னால் போவேன். அப்படிப் பின்னால் போகும்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். கறுப்புத் தகரம், ஒரு எவர்சில்வர் குடத்தின் அளவு, மூடியைச் சுற்றி பிசின் ஊற்றி அடைத்திருந்தது. அதிலிருந்து வந்த இரண்டு ஒயர்களின் நுனியில் ஒரு சிறிய பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ப்ளக்கு இல்ல, சோலார் இல்ல, டீசல் இல்ல. எப்படி எரியுதுன்னு சொல்லுங்க பாப்போம் அண்ணி."

"உள்ள பேட்டரி இருக்கும் தம்பி."

"அதான் இல்லைங்கிறாரு. ஜீரோ பாயிண்ட் எனர்ஜி. வெத்திடத்துலேர்ந்து கரண்டு எடுக்குது. ஆயுசுக்கும் சார்ஜே போட வேணாம்."

காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் ஒருவர் இதைக் காட்டிக்கொண்டிருந்தாராம். படகுக்காரர்களுக்கு மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் வைத்துப் பார்க்கக் கொடுக்கிறாராம். ஒரே ஒரு நிபந்தனை, திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் போய்விடும்.

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த என் மாமியார் வாசலிலிருந்தே சிரித்தார். "ஒண்ணுமில்லாததுலேர்ந்து நெருப்பு வரும்னா நம்ம வூட்டு அடுப்பு எந்தக் காலத்துலயோ எரிஞ்சிருக்கணுமேடா."

"நீ சும்மா இரு ஆத்தா. அண்ணி படிச்சவங்க. அண்ணி, ஒண்ணே ஒண்ணு. நீங்க படிச்ச படிப்புல இது இருக்கா, இல்லையா?"

நான் இயற்பியலில் முதுகலை படித்தவள். குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். என் கணவர் என்னைக் கேலி செய்யும்போது டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். கேட்டது எளிமையான கேள்வி. என் பாடப்புத்தகத்தில் அது இருந்தது. ஒரு தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன்.

"இருக்கு" என்றேன்.

அடுத்த வாக்கியம் வாய்வரை வந்தது. இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. அதைச் சொல்வதற்குள் மகள் மூலையை நோக்கித் தவழ்ந்தாள், நான் ஓடிப்போய்த் தூக்கினேன். திரும்பி வந்தபோது கொழுந்தன் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அண்ணியே சொல்லிட்டாங்கப்பா."

மகள் குறுக்கே வந்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்று மாலை முழுவதும் நேரம் இருந்தது. அடுத்த மூன்று நாட்களும் இருந்தன.

மகள் தவழ்ந்து போன மூலையில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். படகின் பேட்டரி இருந்தது.

எங்கள் மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டில் சிறிய ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கரையில் விட்டுவிட்டு வருவதில்லை. ஜிபிஎஸ், வயர்லெஸ், இரவில் மற்ற படகுகளுக்குத் தெரிய வேண்டிய விளக்கு எல்லாம் அந்த ஒரு பேட்டரியில்தான் ஓடும். கடலிலிருந்து வந்ததும் தோளில் தூக்கிவந்து வீட்டில் சார்ஜ் போடுவார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் அடுக்களையும்தான். சார்ஜ் ஏறும்போது உள்ளே ஏதோ கொதிப்பதுபோல் மெல்லிய சத்தம் கேட்கும். தொண்டையைக் கரிக்கும் ஒரு வாடை வரும். ஒருமுறை மகளின் பருத்தித் துண்டு அதன்மேல் விழுந்து கிடந்ததைக் கவனிக்காமல் துவைத்துப் போட்டேன். காய்ந்ததும் பார்த்தால், அமிலம் அரித்து, சல்லடைபோல் ஓட்டைகள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அவள் கை அந்த மூடியின் மேல் இருக்கும். கணவரிடம் இரண்டு முறை சொன்னேன். "வேற எங்க வைக்கிறது, நீயே சொல்லு" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பெட்டி வந்த மறுநாள் காலை கொழுந்தன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் வலை வைக்கும் கொட்டகையில் போட்டான். அவன் தெருமுனை திரும்பியதும் நான் அந்த மூலையைச் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். மகளை அங்கேயே இறக்கிவிட்டேன். அவள் ஈரத்தரையைத் தட்டிச் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பொருளிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டே போகலாம். எடுக்க எடுக்க அதன் அணுக்களின் ஆட்டம் அடங்கும். எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்த பிறகும் ஒரு சிறு நடுக்கம் மிஞ்சும். அதை யாராலும் நிறுத்த முடியாது. அதைத்தான் ஜீரோ பாயிண்ட் எனர்ஜி என்பார்கள். திரவ ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும், அழுத்திப் பிடித்தாலொழிய, உறையாததற்கு அந்த நடுக்கம்தான் காரணம். பொருளே இல்லாத வெறும் இடத்திலும் அது உண்டு. வகுப்பில் முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றுமே இல்லாத இடம் என்று எங்கும் இல்லை என்பது அந்த வயதில் ஏதோ ஆறுதலாகக்கூட இருந்தது. இப்போது அதே நினைப்பு வேறு மாதிரி இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத பகல் பொழுதுகளில், மின்விசிறியை நிறுத்திய பிறகு, அறை அடங்கவில்லை என்று தோன்றுகிறது.

அந்த நடுக்கத்தை ஏன் எடுத்துப் பயன்படுத்த முடியாது? நான் நெடுங்காட்டில் பிறந்தவள். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மேலே மதகை அடைத்துவிட்டால் வாய்க்காலின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும், வானம் தெரியும் அதில். வயல் அதைவிட ஒரு முழம் உயரம். பயிர் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், ஒரு சொட்டு ஏறாது. தண்ணீர் ஓட வேண்டுமானால் அதைவிடத் தாழ்ந்த இடம் ஒன்று வேண்டும். வெற்றிடத்தின் நடுக்கம் அடிமட்டத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே போக இடமில்லை. இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் என்பது உண்மை. ஒட்டும்போது ஒரு துளி ஆற்றல் கிடைக்கும். திரும்பப் பிரிக்க வேண்டுமானால் அதே துளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கிடைப்பதை வைத்து ஒரு விளக்கை எரித்துக்கொண்டே இருக்க முடியாது.

இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்க்காலைக் காட்டிச் சொல்லியிருந்தால் கொழுந்தனுக்கு இரண்டே நிமிடத்தில் புரிந்திருக்கும்.

சொல்லாமல் நான் போனில் தேடினேன். இது சாத்தியம், பெரிய ஆட்கள் மறைத்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரு காணொளி. அடுத்ததும் அதையே சொன்னது. அவற்றை நம்பவில்லை. ஆனால் முழுக்கப் பார்த்தேன். நான் யார், பெரிய விஞ்ஞானியா? ஒருவேளை எனக்குப் பிறகு எதையாவது கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா? இப்படி என்னையே கேட்டுக்கொள்வது அடக்கம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அது அடக்கம் இல்லை. அந்த மூலை காலியாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஆனாலும் ஒன்று செய்தேன். பள்ளியில் இருந்தபோது வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று பீரோவில் கிடந்தது. கொழுந்தன் தினம் காலையிலும் மாலையிலும் பெட்டியின் பல்பை எரியவிட்டுத் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுவான். அவன் அணைத்த பிறகு ஒயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முதல் நாள் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கையில் கிடைத்தது மகளின் தடுப்பூசி அட்டை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் பன்னிரண்டு சொச்சம். மீட்டருக்குள் இருக்கும் செல் பழசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பன்னிரண்டுக்கும் கீழே.

வலை தைக்கும் வேலை இருந்ததால் அதுவரை படகு கடலுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் பெட்டியைப் படகுக்கு எடுத்துப்போவதாக இருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் வலை போட்டுவிட்டு மறுநாள் விடியலில் திரும்புவது வழக்கம். அண்ணனும் தம்பியும் மட்டும்தான் போவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் டீச்சரம்மா, இன்னிக்கு ஒரு நாளைக்குப் பழைய பேட்டரியையும் ஏத்திக்கிட்டுப் போவட்டா?"

கொழுந்தன் சிரித்தான். "புது மாப்புள்ளைய வச்சிக்கிட்டு பழையவனையும் பந்தியில உக்கார வப்பாங்களா?"

கணவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பேட்டரி படகில் ஏறினால் நாளைக் காலை அவர் தோளில் திரும்பவும் வீட்டுக்கு வரும். என் மனதில் அது மட்டும்தான் ஓடியது.

"ரெண்டும் எதுக்கு? கனம்தான்" என்றேன்.

அப்போது மூன்றாம் நாள் அளவை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. அவர்கள் கை கழுவப் போன இடைவெளியில்தான் எடுத்தேன். எண்ணைப் பார்த்ததும் அட்டையில் இருந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். பிளஸ் டூ பிள்ளைகூடச் சொல்லிவிடும். தீர்ந்துகொண்டே வரும் ஒரு சாதாரண பேட்டரி. சொல்லிவிடுவது என்று எழுந்தேன். மகள் அழுதாள். தொட்டிலில் போட்டு நாலு ஆட்டு ஆட்டிவிட்டு வந்தேன். கூடத்தில் பெட்டி இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் இருவரும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். துண்டில் சுற்றிய பெட்டி கொழுந்தனின் தோளில்.

கடலுக்குக் கிளம்பி வாசல் தாண்டியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் கூடாது. மற்ற ஊர்களிலும் இதைச் சொல்வார்கள், ஆனால் இங்கே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. நாங்கள் விரும்பித் திருமணம் செய்துகொண்டவர்கள், நான் வயல்காட்டுப் பெண். கல்யாணமான முதல் மாதம் தெரியாமல், "ஏங்க, தண்ணி பாட்டில விட்டுட்டுப் போறீங்களே" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பி வந்தார், உட்கார்ந்தார், செம்பில் தண்ணீர் குடித்தார், சட்டையைக் கழற்றினார். அன்று படகு போகவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு ஏற்றவளாக இருக்க வேண்டும் என்று அன்று எடுத்த முடிவு அந்த மத்தியானம் என்னை வாசலிலேயே நிறுத்தியது.

போன் கையில் இருந்தது. போனில் கூப்பிடுவதும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதானா? உண்மையாகவே இதை யோசித்துக்கொண்டு நின்றேன். போகிறவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் திரும்பிப் பார்க்கவும் தேவையில்லை, அதனால் பரவாயில்லை என்று ஒரு பக்கம். அழைப்பு மணி கேட்டதும் நடை நிற்குமே, அப்படியானால் அதுவும் அதேதான் என்று மறுபக்கம். அவர் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்ததும் துண்டித்துவிட்டேன். அவர் திருப்பிக் கூப்பிடுவார், அப்படிக் கூப்பிட்டால் நான் கூப்பிட்டதாக ஆகாது என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. மூன்றரைக்கு நான் மறுபடி அழுத்தியபோது தொடர்பு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை எல்லாப் படகுகளும் வந்தன. எங்கள் படகு வரவில்லை.

எட்டு மணிவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் ஏலக்கூடத்தில் வழக்கம்போல் மற்றவர்களின் மீனை விலை பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதில் இல்லை, எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, தெற்கே மீன் கிடக்கிறது என்று பேச்சு இருந்தது, அங்கே போயிருப்பார்கள் என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கூடை கையிலேயே இருந்தது.

நான் அடுக்களையில் நின்றேன். இப்போதும் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதை எழுதக் கூசுகிறது. அவர்கள் வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வராவிட்டாலும் தெரியாது.

"அத்தை, அந்தப் பெட்டி வேலை செய்யாது. எனக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை. "எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம் நிச்சயமாத் தெரிஞ்சிது. அதுக்கு முன்னாடியும்…"

"அப்பறம் ஏன் சொல்லல?"

"வாசல் தாண்டிட்டாங்க. பின்னாலேர்ந்து கூப்புடக் கூடாதுன்னு…"

அவர் கூடையைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். "சோத்துக்கும் தண்ணிக்கும் கூப்புடாதன்னா, உசுருக்குக் கூப்புடாதன்னு அர்த்தமாடி? யாருடி ஒனக்கு அப்புடிச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அப்படி யாரும் ஒருபோதும் சொன்னதில்லை.

அவர் எழுந்தார். "புள்ளயத் தூக்கிக்க. வந்து அங்க சொல்லு. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது?"

ஏலக்கூடத்தில் ஊர்ப் பெரியவர்களும் படகுக்காரர்களும் நின்று தெற்கே யார் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் என்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டிக்குள் இருப்பது சாதாரண பேட்டரி என்றேன். தடுப்பூசி அட்டையை எடுத்து மூன்று நாள் குறித்த எண்களைப் படித்தேன். வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு மூன்றையும் சேர்த்து ஓட்டினால் நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து மணி நேரம்தான் தாங்கும். எட்டு மணிக்குள் எல்லாம் நின்றிருக்கும்.

பின்னாலிருந்து ஒருவர், "அட்டையப் பாத்துக் கடல்ல ஆளு தேடப் போவுது பொம்பளப்புள்ள" என்றார்.

மாமியார் திரும்பினார். "ஒம் பொண்டாட்டி எடுத்துக் குடுக்காம நீ சட்டகூட மாட்ட மாட்ட. கம்முன்னு நில்லு."

பக்கத்துத் தெருப் படகுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "ஏழேகாலுக்கு எங்கூட வயர்லெஸ்ல பேசுனாப்ல. நம்ம ஊருக்கு நேர் கிழக்க நிக்கிறோம், வலை வுட்டாச்சுன்னாப்ல. அதுக்கப்பறம் சத்தமில்ல. தள்ளிப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

"தள்ளிப் போவலண்ணே" என்றேன். "பேச முடியல. அந்த எடத்துலதான் நின்னிருப்பாங்க."

பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீரோட்டம் வடக்க இழுக்குது. அங்கேர்ந்து வடக்கால தேடணும். தெக்க போவ வேணாம்." ஐந்து படகுகள் கிளம்பின. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் படகுக்குப் போய், துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்ததைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு பெட்டி வந்திருக்கிறது. அவருக்கும் என் வார்த்தை போயிருக்கிறது.

அன்றைய பகல் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மகள் மணலை வாயில் போட்டாள், விரலை விட்டு எடுத்தேன். கடல் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, ஓய்வே இல்லாமல் அசைந்துகொண்டிருக்கிறது, அதிலிருந்து ஒரு விளக்கை எரிக்க வழியில்லை. விளக்கில்லாத படகு இருட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அருகில் வருகிறவர்களுக்கு அது இல்லாத ஒன்று.

மாலை நாலரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

நடந்ததைக் கணவர் மருத்துவமனை வராந்தாவில் நாலைந்து வாக்கியங்களில் சொன்னார். எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு மங்கியது, ஜிபிஎஸ் அணைந்தது, வயர்லெஸ் செத்தது. கரை வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது விசைப்படகு ஒன்று வந்தது. கத்தினார்கள். அதன் இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அது பக்கவாட்டில் உரசியபோது கொழுந்தன் வலது கையை நீட்டித் தள்ளப் பார்த்திருக்கிறான். கை நடுவில் மாட்டிக்கொண்டது. எங்கள் இன்ஜினும் போய்விட்டது. பெரிய படகுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போயிருக்கும் என்றார். பிறகு விடியும்வரை தம்பியின் கையைத் துண்டால் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் இன்றுவரை அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கொழுந்தனின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று மடங்காது.

அவன் வீடு திரும்புவதற்கு முன் நான் பெட்டியைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து உடைத்தேன். பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருக்குமே, விரல் பருமனில் உருளைகள், அவை பத்துப் பன்னிரண்டு இருந்தன. மீதி இடம் முழுவதும் கனத்துக்காக மணல். எங்கள் கடற்கரை மணல் அல்ல, ஆற்று மணல். கணவர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மாடியறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, கட்டெல்லாம் பிரித்த பிறகு, ஒரு மதியம் கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். மாமியார் மீன் விற்கப் போயிருந்தார். கணவர் இன்ஜின் வேலையாகப் போயிருந்தார். மகள் அவன் முன்னால் உட்கார்ந்து சிந்திய பருக்கைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"உப்புத்தண்ணி பட்டுருச்சு அண்ணி, அதான். இல்லாட்டி நின்னிருக்காது" என்றான்.

நான் உடைத்த பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தான். விரல்கள் போன கையால் உருளை ஒன்றைத் தொட்டுப் புரட்டினான்.

"இது டூப்ளிகேட்டு. ஒரிஜினல் நாகப்பட்டினத்துல ஒருத்தர்கிட்ட இருக்காம். எவர்சில்வர் டப்பா, தண்ணியே போவாது. அடுத்த வாரம் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என்னை அவன் நம்பினான், அவ்வளவுதான். அந்த ஆற்றல் உண்மை என்றால் அவன் கை போனதற்கு ஒரு மோசமான பெட்டி மட்டும்தான் காரணம். அது பொய் என்றால் அவன் ஏமாந்தவன். அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவன் அடுத்த வாரம் போவான். எவர்சில்வர் டப்பா படகில் ஏறும். அதே படகில் என் கணவரும் ஏறுவார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். நெடுங்காட்டு வாய்க்காலைச் சொன்னேன். மதகு அடைத்த பிறகு அடியில் கிடக்கும் தண்ணீரைச் சொன்னேன். தகரத்தில் செய்தாலும் தங்கத்தில் செய்தாலும் அந்தத் தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாது என்றேன். "இருக்கு தம்பி. எல்லா எடத்துலயும் இருக்கு. ஆனா யாராலயும் எடுக்க முடியாது. அதுக்குக் கீழ பள்ளமே கெடையாது."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் பயந்த மாதிரியே இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே அண்ணி. ஏன் சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். மகள் அவன் தட்டில் கைவைத்திருந்தாள்.

"பேட்டரி இந்த மூலையில இருந்துச்சில்ல. இவ தொட்டுடுவாளோன்னு பயம். அது வீட்ட விட்டுப் போனாப் போதும்னு இருந்துது. அதனால சொல்லல. பழசையும் ஏத்திக்கிட்டுப் போவட்டான்னு அவங்க கேட்டப்பவும் அதுக்காகத்தான் வேணாம்னேன்."

அவன் என்னைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கை கழுவினான். தட்டை அவனே எடுத்துப் போய் வைத்தான்.

நாகப்பட்டினத்துக்கு அவன் போகவில்லை. படகுக்குப் புது பேட்டரி வாங்கினார்கள். என் கணவர் கூடத்துச் சுவரில் தோளுயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதை மேலே வைத்தார். அரை நாள் வேலை. அந்த யோசனை எங்கள் யாருக்கும் முன்பே வந்திருக்கவில்லை. கொழுந்தன் இப்போது வலை இழுக்க முடியாமல் இன்ஜின் பக்கம் உட்கார்ந்து கடலுக்குப் போய்வருகிறான். என்மேல் கோபம் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்கிறான். "பாப்பா, ஒங்கம்மாகிட்ட கொழம்பு இருக்கான்னு கேளு." "பாப்பா, நாளைக்கு வர நேரமாவும்னு சொல்லு." ஆரம்பத்தில் அவளுக்குப் பேச்சு வராது. அவள் தலைக்கு மேலாக அவன் சொல்வதைக் கேட்டு நான் எடுத்துக் கொடுப்பேன்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது நடக்கிறது. இது அவளுக்கே இடப்பட்ட வேலை என்று நினைக்கிறாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுக்களைக்கு ஓடிவந்து என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, சித்தப்பா தண்ணி" என்கிறாள். செம்பில் பாதியளவு ஊற்றி இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்து அனுப்புகிறேன். சிந்தாமல் போய்ச் சேர்கிறாளா என்று நிலைப்படியில் நின்று பார்க்கிறேன்.